பி-யை எடுத்துரலாம் சார்

அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்தி வச்சிக்கிடுங்களேன் அண்ணாச்சி. தப்பா நெனைக்காதீய. பேசுதது அதுல பதிவாகுதோன்னு ஒரு இது. இல்ல, உங்களச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன். எனக்கு நடந்தது உங்களுக்கு நடந்திருந்தா நீங்களும் இப்படித்தான் கேப்பீய.

மதுரைக்கா போறீய? நானும் அங்கனதான். வேலை விஷயமா. ஒரு வேலைய விட்டுட்டு இன்னொரு வேலைக்குப் போறேன். விட்டேன்னு சொல்லக்கூடாது, விட வச்சிட்டா. ஒரு பொம்பளப்பிள்ள. பேரு எஸ்தர். நாசரேத்துக்காரி. பாத்தா வாயில வெரல வச்சாக் கடிக்கத் தெரியாது. ஆனா ஆள எப்படித் தூக்குனா தெரியுமா? பட்டப்பகல்ல, நான் பக்கத்து சீட்டுல இருக்கும்போதே தூக்கினா.

என் பேரு இசக்கிமுத்து. பி. இசக்கிமுத்து. அப்பா பேரு பாலையா, இங்கிலீசுல எழுதுனா பி வரும். அந்தப் பி-யைத்தான் நீங்க கவனமா வச்சிக்கிடணும். பாளையங்கோட்டையில வெப்சைட்டு பண்ணிக் குடுக்க ஒரு கம்பெனியில இருந்தேன். ஓனரு பொன்னுத்துரை சாரு. ஆபீசுல ரெண்டு முத்து. நான் ஒண்ணு, இன்னொருத்தன் சுடலைமுத்து. முத்துன்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்புதோம்னு, சாரு எனக்கு பி-ன்னும் அவனுக்கு எஸ்ஸுன்னும் பேரு வச்சிட்டாரு. 'பி, இங்க வா. எஸ்ஸு, டீ சொல்லு.' இப்படித்தான் பேச்சு. என் உடம்பு வாகை நீங்களே பாக்கீய, இந்த பஸ்ஸு சீட்டுல முக்காவாசி நான்தான் இருக்கேன். பி-ன்னா ஆபீசுல எல்லாருக்கும் இந்த உருவந்தான் கண்ணுல வரும்.

அதுக்கு முன்னால வண்ணார்பேட்டையில ஒரு பிரஸ்ஸுல இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, சடங்குப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் நம்ம கைதான். போல்டுன்னா என்னன்னு எனக்கு ஒருத்தர் வந்து சொல்லித் தரவேண்டாம். ஒரு பத்திரிகையில தாய்மாமன் பேரை ஒல்லி எழுத்துல அடிச்சிட்டோம். வேணும்னு இல்ல, எடம் பத்தல. அந்த மனுசன் பிரஸ்ஸு வாசல்ல வந்து நின்னு, 'எம் பேரு மெலிஞ்சு கெடக்கு, நான் சீர் தூக்கிட்டு வரணுமாக்கும்'னு சத்தம் போட்டாரு. அம்புட்டுப் பத்திரிகையையும் மறுபடி அடிச்சோம். அன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு. போல்டுங்கது மரியாதை. கண்ணுக்குத் தடியாத் தெரிஞ்சா மரியாதை இருக்கு, தெரியலன்னா இல்ல. இதுல வேற என்ன ரகசியம் கெடக்கு?

வெப்சைட்டுக்கு வந்த பொறவும் அதே வேலைதான். எழுத்தைத் தொட்டு, மேல பி-ன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா தடிச்சிரும். பக்கத்துல ஐ-ன்னு ஒரு பட்டன், அமுக்கினா எழுத்து சாஞ்சிரும். சோலி முடிஞ்சுது. இப்படித்தான் சந்தோசமா இருந்தேன், அந்தப் பிள்ள வாரது வரைக்கும்.

வந்த வாரமே நான் பண்ணுன பக்கத்தைத் தொறந்து பாக்கா. ஒரு மருந்துக்கடை வெப்சைட்டு. கடை பேரு சொல்ல மாட்டேன், நீங்க யாருக்கு வேண்டப்பட்டவுகன்னு எனக்கு எப்படித் தெரியும்? நம்ம பக்கத்துல அவுகளுக்கு நாலஞ்சு கிளை இருக்கு. மருந்து பேரு, அதை எப்படிச் சாப்பிடணும், எப்ப சாப்பிடக் கூடாது, எல்லாம் தமிழ்ல போடணும். நான் போட்டேன். மருந்து பேரு போல்டு. 'வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது' போல்டு. கடை பேரு போல்டு. மொதலாளி பேரு இருக்கதுலயே பெரிய போல்டு.

இவ என்ன பண்ணுனா? 'வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது'ங்கதுல மட்டும் கை வச்சா. கை வச்சதும் எப்படி? ஒண்ணுமே தெரியல! நான் போட்ட போல்டும் அவ மாத்தின போல்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன், கழட்டிட்டுப் பாத்தேன். ஒரே தடி, ஒரே கருப்பு. அப்ப எதுக்கு மாத்துதா?

கேட்டுட்டேன். மனசுல வச்சிக்கிட்டுத் திரியுத ஆளு இல்ல நான்.

'அண்ணே, போல்டு ரெண்டு விதமாப் போடலாம்'ங்கா. 'நீங்க பட்டனை அமுக்கினா உள்ள பி-ன்னு ஒரு டேக்கு விழுது, கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியுத ஒரு குறி. அது எழுத்தைத் தடியாக்கும், அவ்வளவுதான். நான் அதை எடுத்துட்டு ஸ்ட்ராங்குன்னு போட்டிருக்கேன். அதுவும் தடியாக்கும். ஆனா இது முக்கியமான விஷயம்னு கம்ப்யூட்டருக்கும் சொல்லும்.'

'கம்ப்யூட்டருக்கு எதுக்கும்மா சொல்லணும்? மாத்திரைய முழுங்கப் போறது கம்ப்யூட்டரா?'ன்னு கேட்டேன். சிரிக்கா. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லன்னா சிரிக்கத்தானே செய்யணும்.

'சரி, அப்ப மருந்து பேரையும் மாத்த வேண்டியதுதானே?'ன்னேன்.

'அது சும்மா கண்ணுல படணும்னு தடியா இருக்குண்ணே. அதுல எச்சரிக்கை ஒண்ணும் இல்லையே. அது பி-யாவே இருக்கட்டும்.'

பாத்தீயளா? எல்லாத்தையும் மாத்தினா, ஏதோ இந்தக் காலத்துப் பிள்ளைக படிச்சிட்டு வந்து பண்ணுதுன்னு விட்டுரலாம். இவ ஒண்ணை மாத்துதா, அதுக்குப் பக்கத்துல இருக்கத விடுதா. மாத்தினதும் வெளிய தெரியாது, விட்டதும் வெளிய தெரியாது. எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு கேக்க வேண்டாமா அண்ணாச்சி?

அதோட விட்டாளா? 'காலையில் மட்டும்'னு ஒரு வரி. அதுல 'மட்டும்'ங்கத நான் அழகாச் சாய்ச்சு வச்சிருந்தேன். மறுநாள் பாத்தா நிமுந்து நிக்கி! 'தமிழ் எழுத்து சாஞ்சா வாசிக்கக் கஷ்டமா இருக்குண்ணே'ங்கா. 'நீங்க என்கிட்ட ஒண்ணை அழுத்திச் சொல்லணும்னா சாஞ்சு நின்னா சொல்லுதீய? காலையிலதான்னு ஒரு தான் போடுதீய. அந்தத் தான் போடுத மாதிரி எம்முன்னு ஒரு டேக்கு இருக்கு. அதைப் போட்டுட்டு சாய்வை எடுத்துட்டேன்.' கேட்டுக்கிடுங்க. தான் போடுததுக்கு ஒரு டேக்காம். யாரு காதுல பூ சுத்துதா?

இதை வீட்டுல உலகம்மாகிட்ட சொன்னேன். உலகம்மா என் வீட்டுக்காரி. அவ பீடி சுத்திக்கிட்டே கேட்டுட்டு, 'அந்தப் பிள்ள சொல்லுதது எனக்கே புரியுதே, உங்களுக்கு என்ன புரியல?'ங்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவளுக்கும் அவளுக்கும் என்ன தொடர்பு? ஒரே ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தப்ப ரெண்டு பேரும் வராந்தாவுல நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாக. நான் வந்ததும் பேச்சு நின்னுட்டு. என்ன பேச்சுன்னு கேட்டா, ரசத்தைப் பத்தின்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லுதாக. ரசத்துல பேசுததுக்கு அம்புட்டு என்ன இருக்கு?

உலகம்மா அன்னைக்கே கண்டிசனாச் சொல்லிட்டா. 'யாரையாவது சந்தேகப்பட்டு சந்தேகப்பட்டு ஏற்கெனவே ரெண்டு வேலைய விட்டாச்சு. இதுவும் போச்சுன்னா எங்க அண்ணன் கடைக்குத்தான் போகணும்.' அவ அண்ணன் தென்காசியில பலசரக்குக் கடை வச்சிருக்கான். அங்க போனா வத்தல் மூட்டை பிரிச்சுக் கொட்டணும். வாரவன் போறவன்கிட்ட எல்லாம், 'நம்ம மாப்பிள்ளதான், வேலை வெட்டி இல்லாம இருந்தாரு, நான்தான் வச்சிருக்கேன்'னு சொல்லியே என் உசிரை எடுப்பான். அதைவிடக் கேவலம் எனக்கு வேற கெடையாது அண்ணாச்சி. எந்த வேலை போனாலும் அங்க மட்டும் போயி நிக்கக்கூடாதுன்னு இருந்தேன்.

இந்த நெலமையிலதான் அது நடந்துச்சு. டீக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன். சாரு ரூமு கதவு ஒருக்களிச்சு இருக்கு. உள்ள எஸ்தர் குரலு. நான் ஒட்டுக்கேக்கல, செருப்பு வாரு கழண்டிருந்துச்சு, அதை மாட்டுததுக்குத்தான் குனிஞ்சேன். அப்ப காதுல விழுது.

'பி-யை எடுத்துரலாம் சார். இந்த எடத்துல பி-யால ஒரு பிரயோஜனமும் இல்ல. பாக்கத்தான் தடியா இருக்கு, உள்ள அர்த்தம் ஒண்ணும் கெடையாது.'

சாரு கேக்காரு, 'ரொம்ப நாளா இருக்கதாச்சேம்மா. எடுத்தா ஏதும் கோளாறு ஆகாதே?'

'ஒண்ணும் ஆகாது சார். எடுத்ததே வெளிய தெரியாது. அந்த எடத்துல ஸ்ட்ராங்கா வச்சிருவோம். எஸ்ஸை நேத்தே எடுத்துட்டேன்.'

'சரி, பாத்துப் பக்குவமா எடு'ங்காரு சாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! இந்த மனுசன் வீட்டுப் புதுமனைப் பத்திரிகைய ராவா பகலா ஒக்காந்து அடிச்சுக் குடுத்தவன் நான். பக்குவமா எடுக்கணுமாம். பல்லைப் பிடுங்குத மாதிரி.

நீங்க என்ன சொல்ல வாரீயன்னு தெரியுது. டேக்கைப் பத்தித்தான் பேசியிருப்பான்னு சொல்லப் போறீய. உலகம்மாவும் அதையேதான் சொன்னா. எல்லாரும் எப்படி ஒண்ணு போலச் சொல்லுதீய? சரி, டேக்குன்னே வைப்போம். அப்ப எஸ்ஸு எங்க? திங்கக்கிழமை சுடலைமுத்து வேலைக்கு வரல. சீட்டு காலியாக் கெடக்கு. கேட்டா, சிங்கப்பூர் போயிட்டானாம், விசா வந்துட்டாம். 'எஸ்ஸை எடுத்துட்டேன்'னு இவ சொன்ன அதே வாரத்துலதான் விசா வரணுமா? அவனுக்குப் போன் போட்டேன். 'அண்ணே, ஏர்போர்ட்டுல நிக்கேன், பொறவு பேசுதேன்'ங்கான். பின்னால இங்கிலீசுல அறிவிப்பு எல்லாம் கேக்கு. அதை யூடியூபுல போட்டுக் கேக்க வைக்க முடியாதாக்கும்?

மருந்துக்கடைப் பக்கத்துல பழைய போன் நம்பரு மேல நான் ஒரு கோடு அடிச்சு வச்சிருந்தேன், புது நம்பரைப் பக்கத்துல போட்டிருந்தேன். அந்தக் கோட்டுக்குப் பேருதான் எஸ்ஸுன்னு பின்னால அவளே வந்து சொன்னா. வெறும் கோடு போட்டா கேக்கவுகளுக்கு ரெண்டு நம்பரும் காதுல விழும், எதை அடிச்சோம்னு தெரியாது, அதான் எடுத்தேன்னு. கேக்கவுக யாரு, எதுக்குக் கேக்காக, ஒண்ணும் நான் வெசாரிக்கல. சோழியன் குடுமி சும்மா ஆடாது. அவ வந்து சொன்னதே எனக்குச் சந்தேகம். நான் கேக்காம அவளா ஏன் வந்து சொல்லணும்?

சும்மா இருக்க முடியுமா? நானும் ஒரு வேலை பண்ணுனேன். பி-யைத்தானே எடுக்கப் போறா, பி-யே இல்லன்னா என்ன பண்ணுவா? அவ சாப்பாட்டுக்குப் போன நேரமாப் பாத்து மருந்துக்கடைப் பக்கத்தைத் தொறந்தேன். ஒரே அமுக்குல தேடி மாத்துத வசதி அதுல உண்டு. எங்கெல்லாம் பி இருக்கோ அங்கெல்லாம் ஸ்ட்ராங்குன்னு மாத்திட்டேன். மருந்து பேரு ஸ்ட்ராங்கு, மொதலாளி பேரு ஸ்ட்ராங்கு, ஞாயிறு விடுமுறை ஸ்ட்ராங்கு, வண்டி நிறுத்த எடம் உண்டு, அதுவும் ஸ்ட்ராங்கு. இப்ப எவனை எடுப்பா? பாக்கதுக்கும் ஒண்ணும் தெரியாது. தெரியாதுன்னு அவதானே சொல்லிக் குடுத்தா. அன்னைக்கு மத்தியானம் தயிர்சோறு கூட எனக்குப் பாயசமா இறங்குச்சு.

ஆனா அதுக்குள்ள இன்னொரு கண்ணி வச்சிருந்திருக்கா பாருங்க. அந்தப் பக்கத்துல காது படம் போட்டு ஒரு பட்டன். அமுக்கினா பக்கத்தைச் சத்தமா வாசிக்கும். எங்க ஸ்ட்ராங்கு இருக்கோ அங்க ஒரு நிமிசம் நின்னு, 'முக்கியம்'னு சொல்லிட்டு வாசிக்கும். எனக்குத் தெரியவே தெரியாது. மீட்டிங்குல எல்லாருக்கும் சொன்னேனேன்னு சாரு சொல்லுதாரு. அந்த மீட்டிங்குல நான் அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், எப்ப கண்ணு மாறுதுன்னு. பேச்சைக் கவனிக்கல.

பக்கத்தைப் பாக்க கடை மொதலாளி வந்தாரு. கூட அவரு அக்கா. வேதமணி டீச்சர்னு பேரு, ரிட்டயர் ஆனவுக. சக்கரையில ரெண்டு கண்ணும் போயிருச்சு. தம்பி கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வந்து ஒக்காந்தாக. அவுகளுக்காகத்தான் அந்தக் காது பட்டனே. எஸ்தர் போனை அவுக கையில குடுத்து, வெரலைப் பிடிச்சுப் பட்டன் மேல வச்சா. மிசினு வாசிக்க ஆரம்பிச்சுது.

'முக்கியம். அன்புடன் வரவேற்கிறோம்.'

டீச்சர் லேசாச் சிரிச்சாக.

'முக்கியம். ஞாயிறு விடுமுறை. முக்கியம். கடை எதிரில் வண்டி நிறுத்த இடம் உண்டு. முக்கியம். உரிமையாளர்...'

மொதலாளி பேருக்கு முன்னால முக்கியம்னு சொன்னதும் அந்த மனுசனுக்கு வாயெல்லாம் பல்லு. நம்ம கணக்கு தப்பாதுன்னு நான் நிமுந்து நிக்கேன். ஆனா டீச்சர் மூஞ்சி சுருங்கிக்கிட்டே போகுது. மருந்து பேருக்கு முக்கியம், மாத்திரை கலருக்கு முக்கியம், டோர் டெலிவரிக்கு முக்கியம். வெறும் வயித்து வரி வாரதுக்கு முன்னாலயே டீச்சர் மிசினை நிறுத்திட்டாக.

'வகுப்புல எல்லாத்துக்கும் கத்துத வாத்தியார எந்தப் பிள்ளையும் கவனிக்காது'ன்னாக. 'இதுல எதைக் கேக்கணும்னு இந்த மிசினுக்கே தெரியலையே. போன மாசம் ஒரு மாத்திரைய வெறும் வயித்துல போட்டுட்டு அடுக்களையில மயங்கி விழுந்துட்டேன். சாப்பிடாமப் போடக்கூடாதுன்னு மருந்துச் சீட்டுல கொட்டை எழுத்துல எழுதியிருந்துச்சே அக்கான்னு தம்பி சொல்லுதான். எனக்கு எம்புட்டுக் கொட்டையா எழுதினா என்னய்யா?'

அதைக் கேட்டப்ப எனக்குப் பாவமாப் போச்சு அண்ணாச்சி. பொய் சொல்லல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. கண்ணு தெரியாதவுக, சரியா எஸ்தர் நின்ன பக்கமாத் திரும்பித்தான் அதைச் சொன்னாக. அது எப்படி? குரலை வச்சுத் திரும்பினாகன்னு சாரு சொல்லுதாரு. சாருக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கும்.

அப்ப சாரு மூஞ்சி கருத்துப் போயி, 'இதை யாரு மாத்தினது?'ன்னு கேட்டாரு. மாட்டினேன்னு நெனைச்சேன். எஸ்தருக்குத் தெரியும், யாரு மாத்தினாலும் உள்ள பேரு பதிவாகும்னு அவதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ. என்னை ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டு, 'நான்தான் சார் கவனிக்காம விட்டுட்டேன். அரை மணி நேரம் குடுங்க'ன்னா.

ஏன் அப்படிச் சொன்னா? சொல்லுங்க பாப்போம். என்னைக் காட்டிக் குடுத்தா அவளுக்கு லாபம்தானே? அங்கனயே என்னைத் தூக்கியிருக்கலாம். இவ பழிய ஏத்துக்கிடுதா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். இதைவிடப் பெருசா எதையோ வச்சிருக்கான்னு அப்பவே எனக்குப் பட்டுட்டு.

அரை மணி நேரம் ஒக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சா. பேருக்கெல்லாம் மறுபடி பி. எச்சரிக்கைக்கு மட்டும் ஸ்ட்ராங்கு. திருப்பி டீச்சர் கையில குடுத்தா. மிசினு சாதாரணமா வாசிச்சுக்கிட்டே வந்து, ஒரு எடத்துல மட்டும் நின்னு, 'முக்கியம். வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது'ன்னுச்சு. டீச்சர், 'இது போதும்மா. இது ஒண்ணு போதும்'னு எஸ்தர் கையைத் தேடிப் பிடிச்சாக. மொதலாளி பேருக்கு மட்டும் முக்கியம் வேணும்னு மொதலாளி கேட்டாரு. 'ஏலே, நீ வெறும் வயித்துல சாப்பிடுத சாமானா?'ன்னு டீச்சர் அதட்டவும் அடங்கிட்டாரு. ஆபீசே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், என்ன பண்ண.

மறுநாள் சாரு கூப்பிட்டாரு. 'பி, நீ இனி கோடிங் பக்கம் வராத. போஸ்டர், லோகோ, தமிழ் எழுத்து வரையது, அதெல்லாம் நீ மட்டும் பாரு. உன் கைக்கு வாரது எங்க ஒருத்தருக்கும் வராது. சம்பளம் அதேதான்.' எம்புட்டு இனிப்பாச் சொல்லுதாரு பாருங்க. பக்குவமா எடுன்னு சொன்னாருல்லா, இதான் அந்தப் பக்குவம். மொதல்ல சீட்டை மாத்துவாக, பொறவு ஆளை மாத்துவாக. நீங்க எடுக்கதுக்கு முன்னால நானே போறேன்னு சொல்லிட்டேன். சாரு கையெடுத்துக் கும்பிடாத கொறை. ஒரு வாரம் யோசிச்சிட்டுச் சொல்லுங்காரு. எஸ்தர் வாசல் வரைக்கும் வந்து, 'அண்ணே, போகாதீங்க. தப்பா எதுவும் நெனைச்சிருந்தா என்னைத் திட்டிருங்க'ங்கா. கண்ணுல தண்ணி. அவளுக்கு சைனஸ் உண்டு.

வீட்டுல வந்து சொன்னேன். உலகம்மா பீடித் தட்டை ஓரமா வச்சிட்டு அவ அண்ணனுக்குப் போன் போடப் போயிட்டா. நான் போனைப் பிடுங்கிட்டேன். அந்த நேரத்துலதான் மதுரையில இருந்து கூப்பிட்டாக, விளம்பரக் கம்பெனி, தமிழ் எழுத்து வரைய ஆளு வேணும்னு. நான் யாருகிட்டயும் கேக்கல, அவுகளாக் கூப்பிட்டாக.

பயமாத்தான் இருக்கு அண்ணாச்சி. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன. நாப்பத்தாறு வயசு ஆயிட்டு. எனக்குத் தெரிஞ்ச வேலை கண்ணுக்கு அழகா இருக்க மாதிரி எழுத்தை வைக்கது. இப்ப வாரதுக எல்லாம் கண்ணுக்குத் தெரியாததைப் பத்தியே பேசுது. நான் எங்க போயி நிப்பேன்? இந்த மதுரை மட்டும் அமைஞ்சிட்டுன்னா உலகம்மா மூஞ்சியில முழிச்சிருவேன். அவளையும் கூட்டிக்கிட்டு வந்துருவேன்.

இருங்க, போன் வருது. மதுரை நம்பருதான்.

அலோ... ஆமா சார், இசக்கிமுத்துதான்... சாத்தூர் பக்கம் வாரேன் சார்... சரி சார்... கேக்கணும்னு இருந்தேன், என் பேரை உங்களுக்கு யாரு... யாரு? ... எந்த எஸ்தரு? ... உங்க கூடப் படிச்சவளா... என்ன சொன்னா? ... தமிழ் எழுத்துக்கு... அவளா சொன்னா? ... சரி சார். இல்ல, ஒண்ணுமில்ல. சிக்னல் இல்ல சார், வைக்கேன்.

கேட்டீயளா? கேட்டீயளா அண்ணாச்சி? மதுரையிலயும் ஆளு வச்சிருக்கா! பாளையங்கோட்டையில இருந்து எடுத்தாச்சு, இப்பத் தூக்கிக் கொண்டு போயி அவ சொல்லுத எடத்துல வைக்கா. எம்புட்டு நீளமான கையி பாருங்க.

என்ன சொல்லியிருக்கான்னு தெரியுமா? தென்பக்கத்துல தமிழ் எழுத்து வரைய இவரை விட்டா ஆளே இல்லன்னு சொன்னாளாம். அவரு எழுத்துல ஒரு உசிரு இருக்கும்னு சொன்னாளாம். இருபது வருசமா இந்த வேலை பாக்கேன், என்னைப் பத்தி ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்ல. பிரஸ்ஸுல சொன்னதில்ல, பொண்டாட்டி சொன்னதில்ல. பொய்யாத்தானே இருக்கணும்? நெசமாச் சொல்லுத சொல்லா இது?

இல்ல, போகல. நான் மதுரைக்குப் போகல. நீங்க ஏன் போகச் சொல்லுதீய? போனா உங்களுக்கு என்ன? ஏறினதுல இருந்து நான்தான் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க என்ன வேலை பாக்கீயன்னு ஒரு வார்த்தை சொன்னீயளா? பேரு கூடச் சொல்லல. உங்க ஊரு நாசரேத்து பக்கமா இருக்குமோ?

கண்டக்டர்! சாத்தூர் வெலக்குல ஒரு ஆளு எறங்கணும். ஆமா, மதுரை டிக்கெட்டுதான், பரவாயில்ல. இங்கன இருந்து தென்காசிக்கு நேரா பஸ்ஸு இருக்கா? சங்கரன்கோவில் போயித்தான் மாறணுமா? சரி, மாறிக்கிடுதேன்.

கோவமெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நான் யாரையும் சந்தேகப்படுத ஆளே கெடையாது. மேல அந்த நீலப் பையைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க. இல்ல, வேண்டாம், வேண்டாம். நானே எடுத்துக்கிடுதேன்.